‘நீங்க போங்க’ மாஸ்டரும் இரண்டு அணில்களும்

இந்த உலகத்தில் எந்த வாசலிலும் முதல் ஆளாக நுழையாமலே பாதி ஆயுளுக்கு மேல் ஓட்டிவிட்ட ஒரே மனிதர் எங்கள் கட்டிங் மாஸ்டர்தான். பஸ், பேங்க், பந்தி, கோயில், கழிவறை என்று எந்த வாசலாக இருந்தாலும் ஓர் அடி ஒதுங்கி நின்று, வலது கையை நீட்டி, “நீங்க போங்க” என்பார். பின்னால் யாரும் இல்லையென்றால், யாராவது வரும்வரை காத்திருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் என்று அவருக்கும் ஒன்று இருந்திருக்க வேண்டும். பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த எங்கள் பனியன் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. ‘நீங்க போங்க’ மாஸ்டர் என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை கை காட்டுவார்கள்.

நான் அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, ஆர்டர் எடுத்ததிலிருந்து கப்பல் ஏறும்வரை எல்லாரையும் அவசரப்படுத்துவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பேன். காபி ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வேன். என்னையும் அவரையும் ஒரே கம்பெனியில் வேலைக்கு வைத்தது போதாதென்று, ஆண்டவன் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கும் குடிவைத்தார். முன்வீடு எங்களுடையது. கடைசி வீடு மாஸ்டருடையது. நடுவில் ஒரு சந்து.

காலையில் நான் பைக்கில் கிளம்பும்போது அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். பஸ் வரும். ஒவ்வொருவராக ஏற்றிவிடுவார். எல்லாரும் ஏறியதும் பஸ் நிறைந்துவிடும். கண்டக்டர் விசில் அடிக்க, மாஸ்டர் கீழே நின்று கும்பிடு போட்டு வழியனுப்புவார். அடுத்த பஸ்ஸிலும் அதே கதைதான். கடைசியில் நான் திரும்பி வந்து பைக்கில் ஏற்றிக்கொள்வேன். அப்போதும் விடமாட்டார்.

“நீங்க மொதல்ல உக்காருங்க தம்பி.”

“வண்டி ஓட்டறவன் நான்தாங்க மாஸ்டர். நான் உக்காராம யாரு உக்காருவாங்க?”

“அதுக்குத்தானுங்க சொல்றேன்.”

மனிதர்களுக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று நினைக்க வேண்டாம். காம்பவுண்டு வாசலில் படுத்திருக்கும் நாயிடம், “சித்த நவுந்துக்கறீங்களா சாமி” என்பார். நாய் நகராது. இவர் சுற்றிக்கொண்டு போவார். கட்டிங் டேபிளில் அவர் துணிக்குக் கொடுக்கும் மரியாதையைப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருக்கிறது. பின்னல் துணியை ரோலில் இருந்து பிரித்ததும் வெட்டக் கூடாது. கொஞ்ச நேரம் விரித்துப் போட்டு, இழுபட்டது தளர்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மற்ற மாஸ்டர்கள் இதற்குக் கடிகாரம் பார்ப்பார்கள். இவர் துணியின் முகத்தைப் பார்ப்பார். நான் ஷிப்மென்ட் தேதியைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு நிற்கும்போது, “நெம்பத் தூரம் சுத்திக்கிட்டு வந்திருக்காங்க தம்பி, சித்த படுக்கட்டும்” என்று துணிக்காகப் பரிந்து பேசுவார்.

இந்த மரியாதை ஒருநாள் அவரை நடுத்தெருவில் நிறுத்தும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். நிறுத்தியது. ஆனால் நடுத்தெருவில் அல்ல, கல்யாண மண்டப வாசலில்.

அவருடைய ஒரே மகள் பூங்கொடி. மாப்பிள்ளை வீடு மடத்துக்குளம் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவரை எல்லாரும் மடத்துக்குளத்தார் என்றுதான் சொல்வோம். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவரும் மாஸ்டரைப் போலவே மரியாதைக்காரர். தாராபுரத்தில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாஸ்டர் வாசலில் நின்று கை கூப்பினார்.

“வாங்க சம்மந்தி. நீங்க போங்க.”

“பொண்ணைப் பெத்தவிய. மொதல்ல நீங்க போங்க.”

“அதெப்படிங்க. மாப்பிள்ளை ஊடு. நீங்க போங்க.”

“வயசுல பெரியவிய நிக்கறப்ப நான் போகலாமுங்களா. நீங்க போங்க.”

நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். ஆரத்தித் தட்டு பிடித்திருந்த பெண்கள் கை மாற்றிக்கொண்டார்கள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது, வெயில் வேறு. உள்ளே ஐயர் முகூர்த்தம் போகிறது என்று மைக்கில் கத்துகிறார். இவர்கள் இருவரும் சிரித்த முகத்தோடு ஒருவரையொருவர் உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்தில் பொறுமை இழந்த எவனோ ஒருவன் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை, நான் அப்போது பந்தியில் இருந்தேன். மடத்துக்குளத்தார் நிலைப்படி தடுக்கி, ஆரத்தித் தட்டின் மேல் விழுந்து, வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பாக எழுந்தார். யாரோ சிரித்துவிட்டார்கள். யாரோ அதைப் போனில் எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் இரண்டு வீட்டு உறவுக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

“என்னைய வாசல்ல நிக்க வெச்சு உழுக வெச்சுப்போட்டீங்க” என்று மட்டும் சொன்னார் மடத்துக்குளத்தார். அதோடு பேச்சு நின்றது.

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க மடத்துக்குளத்துக்கே போனார். அங்கேதான் இன்னும் கெட்டது. கேட் திறந்திருந்தது. உள்ளே மடத்துக்குளத்தார் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் எழுந்து வந்து, அவர் முதலில் வீட்டுக்குள் போனால்தானே நாம் பின்னால் போக முடியும் என்று மாஸ்டர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். வெயில் சாயும்வரை நின்றார். கட்டிலில் இருந்தவர் என்ன நினைத்தார் என்றால், ‘இவ்வளவு தூரம் வந்தும் என் கேட்டுக்குள் கால் வைக்க மனசில்லாமல் நிற்கிறாரே’ என்று. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் மாஸ்டர் பஸ் ஏறி வந்துவிட்டார். சண்டை போட்டுப் பிரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மரியாதை போட்டுப் பிரிந்தவர்களை இந்தப் பிறவியில் அங்கேதான் பார்த்தேன்.

பேசாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. அதற்குள் பூங்கொடி மாசமாகியிருந்தாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டுமென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். வகைவகையாகச் சோறு கிளறி எடுத்துக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது. அதற்கு முன்பு இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்து பேசி நாள் குறிக்க வேண்டும். பேச்சே இல்லாதவர்கள் எங்கே உட்காருவது? ஏழாம் மாசம் போனது. ஒன்பதாம் மாசமும் வந்துவிட்டது. மாஸ்டரின் மனைவி சரசக்கா சந்தில் போகும்போதும் வரும்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

“ஊரே இவரு மரியாதைய மெச்சுதுங்க. என்ற புள்ள மட்டும் அப்பனூட்டுக்கு வர முடியாம நிக்குது” என்று என் மனைவி மல்லிகாவிடம் சொல்லி அழுதார். அதைக் கேட்டுக்கொண்டே கடைசி வீட்டு வாசலில் மாஸ்டர் குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் அவர் துணியை வெட்டும்போதுகூட ஒன்றும் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு அணில் வந்தது.

மல்லிகாவின் தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்போது டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே ஓர் ஆட்டம். ஆட்டத்துக்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர், யாரும் படிக்கவில்லை, அணிலாட்டம் என்றே ஆகிவிட்டது. ஒரு பழுப்பு அணில், ஒரு வெள்ளை அணில். கிளை விட்டுக் கிளை, மேகம் விட்டு மேகம், கூரை விட்டுக் கூரை தாவிப் போக வேண்டும். வழியில் பழம் பொறுக்கலாம். வண்டு வந்தால் அதன் தலைமேல் ஒரு குதி. அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, சாவே இல்லை. தவறி விழுந்தால் ஒரு குடை விரியும், அணில் ஆடி அசைந்து கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். குடைகள் எல்லாம் தீர்ந்தால்தான் அந்தக் கட்டம் முடியும், அதற்கப்புறம் பழைய இடத்துக்குப் போக வெகுநேரம் ஆகும்.

சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நான் முதலில் சிரித்தேன். ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் சோறு தீய்ந்தது. மல்லிகா கரண்டியைப் பிடித்த நேரத்தைவிட, அணிலைக் குதிக்கவைக்கும் அந்தப் பட்டன் கட்டையைப் பிடித்த நேரம் அதிகம். மாடி வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் ஐயா பேப்பர் கேட்க வந்து உட்கார்ந்தவர், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். பக்கத்து ரூம் ஒடிசாப் பையன்கள், “தீதி, ஏக் பார்” என்று, அக்காவிடம் ஒரே ஒரு தடவை கேட்டு, வாசலில் வரிசை கட்டினார்கள். செக்கிங் பிரிவில் வேலை செய்யும் திருநெல்வேலி அம்மா, “ஏட்டி, தாவுட்டி, அந்தானைக்குத் தாவுட்டி” என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். எல்லாருக்கும் ஒரு பொது வியாதி. அணில் இடது பக்கம் குதித்தால் இவர்களும் இடது பக்கம் சாய்வார்கள். அணில் எட்டிப் பிடித்தால் இவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் எழும்புவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குடும்பத்துக்கே சாமி வந்த மாதிரி இருக்கும்.

மாஸ்டரும் வந்தார். நாங்கள் எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வந்தார். அவர் ஆடுவதைப் பார்க்க இரண்டு கண் போதாது. எதிரே வண்டு வந்தால் ஒதுங்கி நிற்பார்.

“மிதிங்கண்ணா, தலைமேல மிதிங்க” என்பாள் மல்லிகா.

“அவிய பாட்டுக்குப் போறாங்க அம்மிணி. போகட்டும்.”

வண்டு போகாது, முட்டித் தள்ளும். குடை விரியும். மாஸ்டர் மெல்ல இறங்கி வந்து மறுபடியும் அதே வண்டுக்கு வழிவிடுவார். ஆனாலும் அவருக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “உழுந்தா யாரும் சிரிக்கறதில்லீங்க தம்பி. குடை குடுத்து எறக்கி உடறாங்க” என்றார். நான் அதற்கப்புறம் அவரைக் கேலி செய்யவில்லை. கொஞ்ச நாளைக்கு.

அணிலாட்டத்தில் எங்கள் காம்பவுண்டே தாண்ட முடியாத ஓர் இடம் இருந்தது. ஊஞ்சல் பாலம். இரண்டு அணிலும் ஏறி நின்றதும் அது ஆட ஆரம்பிக்கும். அது அக்கரைக்கு உயரும்போது இரண்டும் ஒரே நேரத்தில் தாவ வேண்டும். ஒன்று முன்னால் தாவினால் பாலம் கவிழ்ந்து மற்றது விழும், விழுந்த அணில் போன அணிலையும் இழுத்துக்கொண்டு விழும். நானும் மல்லிகாவும் ஆடினால் நான் எப்போதும் முந்திவிடுவேன். மாஸ்டரோடு யார் ஆடினாலும் அவர் பின்தங்கிவிடுவார். “நீங்க போங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு குடை விரிந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது.

சாயங்காலம் கம்பெனி விட்டு வந்து வண்டியை நிறுத்துகிறேன், வானம் பொத்துக்கொண்டது. சந்தில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். மாஸ்டர் தன் வீட்டுக்குப் போக முடியாமல் எங்கள் வீட்டுத் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். சரசக்கா ஏற்கெனவே எங்கள் வீட்டில்தான் மல்லிகாவோடு அணிலாட்டத்தில் இருந்தார். அந்த நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மடத்துக்குளத்தார் இறங்கினார். குடையை விரித்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார். பூங்கொடி இறங்கினாள்.

மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால், மாமனாரே அவளை டாக்டரிடம் காட்டத் திருப்பூருக்குக் கூட்டிவந்திருக்கிறார். திரும்பும்போது ரயில்வே பாலத்துக்கு அடியில் கார் போக முடியாத அளவு தண்ணீர். பூங்கொடியின் கால் வீங்கியிருந்தது. உட்கார ஓர் இடம் வேண்டும். அவள் அப்பா வீடு சந்தின் கடைசியில், தண்ணீருக்கு அந்தப் பக்கம். அதனால் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சரசக்கா ஓடிவந்து மகளை அணைத்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

மிச்சம் இருந்தது வாசலும், அதன் இரண்டு பக்கமும் நின்ற இரண்டு பேரும்.

எங்கள் வாசல் குறுகலானது. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும். நான் உள்ளே இருந்து, “உள்ள வாங்க, நனையறீங்க” என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, வந்தவியள மொதல்ல உள்ள போகச் சொல்லுங்க.”

மடத்துக்குளத்தாரும் என்னைப் பார்த்தே சொன்னார். “தம்பி, இங்க இருக்கறவிய மொதல்ல போகட்டும். நான் அசலூர்க்காரன், நின்னுக்கறேன்.”

தகரத்தில் ஓட்டை. இருவர் தலையிலும் தண்ணீர் சொட்டியது. இருவரும் நகரவில்லை. இன்னொரு மண்டப வாசல் என் வீட்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. பின்னாலிருந்து தள்ளிவிட இந்தத் தடவை ஆளும் இல்லை, தள்ளவும் கூடாது. பூங்கொடி உள்ளே இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவளும் மல்லிகாவும் கண்ணால் ஏதோ பேசிக்கொண்டதை நான் அப்போது கவனிக்கவில்லை. பூங்கொடி சரசக்காவின் கையிலிருந்த கட்டையை வாங்கி, வாசல் பக்கம் நீட்டினாள்.

“மாமா, சித்த புடிங்க. உட்டா அணில் உழுந்துரும்.”

மடத்துக்குளத்தார் வாசலுக்கு வெளியிலிருந்தே கை நீட்டி வாங்கினார். மருமகள் கேட்டு இல்லை என்று சொல்லும் மனிதர் இல்லை அவர். அதே நேரம் மல்லிகா தன்னிடம் இருந்ததை மாஸ்டர் கையில் திணித்தாள். “அண்ணா, இதப் புடிங்க, அடுப்புல பால் பொங்குது.” அடுப்பில் பால் இல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

“இத என்னங்க பண்றது?” என்றார் மடத்துக்குளத்தார்.

“அந்தப் பட்டனை அமுக்குங்க மாமா, குதிக்கும்.”

“ஏஞ்சாமி, தோப்புல எளநீய ஓட்டை போடற அணிலத் தொரத்தறதே என்ற பொழப்பு. இங்க நானே அணிலாயிட்டனுங்களா?”

சரசக்கா சிரித்துவிட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் உதடு துடித்ததை மட்டும் பார்த்தேன்.

வாசலின் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நிலைக்கு வெளியே நின்றபடி, தலையை மட்டும் நீட்டி டிவியைப் பார்த்து ஆடினார்கள். தொட்டுக்கொள்ளவில்லை, பேசிக்கொள்ளவில்லை. மாஸ்டர் பழுப்பு அணில், மடத்துக்குளத்தார் வெள்ளை அணில்; பேச வேண்டியதை அணிலை வைத்தே பேசினார்கள்.

“பழுப்பு அணில் வந்து அந்தக் கொய்யாவ எடுத்துக்கட்டுங்க.”

“வேண்டாங்க. வெள்ளை அணில்தான் பசியோட வந்திருக்குது. அதே எடுத்துக்கட்டும்.”

கொய்யா அப்படியே கிடந்தது. வண்டு வந்தால் இரண்டு அணிலும் ஒதுங்கி வழிவிட்டன. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எப்படியோ போய்க்கொண்டிருந்தார்கள். மடத்துக்குளத்தார் கை தேர்ந்துவிட்டது. மேகம், கூரை, கிளை எல்லாம் தாண்டி ஊஞ்சல் பாலத்துக்கு வந்துவிட்டார்கள்.

“வெள்ளை அணில் மொதல்ல தாவட்டுங்க.”

“பழுப்பு அணில்தானுங்க பெரிசு. அது தாவட்டும்.”

கவிழ்ந்தது. குடை விரிந்தது. மறுபடி ஏறி வந்தார்கள். மறுபடி அதே பேச்சு, மறுபடி குடை. டிவியின் மூலையில் குடைகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரே ஒரு குடை நின்றது.

அப்போது பூங்கொடி பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

“அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இந்தப் பாலத்தத் தாண்டுனீங்கன்னா கட்டுச்சோத்துக்கு இன்னைக்கே நாள் குறிங்க, நான் அப்பாவூட்டுக்கு வாரேன். தாண்டலீன்னா நான் எங்கியும் வரலீங்க. அப்பாவூட்டுக்கும் வரல, மாமாவூட்டுக்கும் போகல. ஆசுபத்திரியிலயே பெத்து அங்கியே இருந்துக்கறேன். புள்ளை பொறந்தாலும் மொதல்ல யாரு பாக்கறதுன்னு நீங்க ரெண்டு பேரும் கதவுக்கு வெளியதான நிப்பீங்க.”

மழை மட்டும் தகரத்தில் அடித்தது. சரசக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து லைட் ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது. எங்கள் பக்கத்தில் மழைக்குக் கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும். போனால் அணிலும் போச்சு, பாலமும் போச்சு. பூங்கொடி சொன்னால் சொன்னதுதான், அவள் பிடிவாதம் காம்பவுண்டுக்கே தெரியும்.

இருவரும் கடைசி முறையாக ஏறி வந்தார்கள். எதிரே வண்டு வந்தது. மாஸ்டரின் பழுப்பு அணில் நிற்கவில்லை. வண்டின் தலைமேல் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனது. மல்லிகா என் கையைக் கிள்ளினாள்.

பாலம். இரண்டு அணிலும் ஏறி நின்றன. ஆட ஆரம்பித்தது.

“தம்பி, எண்ணிக்கை சொல்லி மூணுக்குத் தாவலாமுன்னு அவிய கிட்டச் சொல்லுங்க” என்றார் மாஸ்டர்.

“நல்ல யோசனைங்க. அவியளே எண்ணட்டும்” என்றார் மடத்துக்குளத்தார்.

“இல்லீங்க, அவிய எண்ணட்டும்.”

நான் வெடித்திருப்பேன். மல்லிகா என் வாயைப் பொத்திவிட்டாள். யாரும் எண்ணவில்லை. பாலம் இந்தப் பக்கம் போனது, கிரீச் என்றது. அந்தப் பக்கம் போனது, கிரீச் என்றது. இருவரும் அதோடு சாய ஆரம்பித்தார்கள். முதலில் தலை மட்டும், அப்புறம் தோள், அப்புறம் முழு உடம்பும். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், ஒரே பக்கம் நிமிர்ந்தார்கள். லைட் மறுபடி மங்கியது. எனக்கு டிவியைப் பார்க்கும் தைரியம் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வயிற்றில் பிள்ளை உதைத்ததோ என்னவோ, பூங்கொடி மெல்ல “அம்மா” என்றாள்.

டிவியில் மேளம் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு அணிலும் அக்கரையில் நின்று கை கோத்து ஆடிக்கொண்டிருந்தன.

சரசக்கா விசும்பினார். மல்லிகா கை தட்டினாள். அதற்கப்புறம்தான் எல்லாரும் கீழே பார்த்தார்கள். பூங்கொடியின் நாற்காலிக்கு முன்னால், தரையில், தண்ணீர் சொட்டச் சொட்ட, மாஸ்டரும் மடத்துக்குளத்தாரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் யாரும் இல்லை.

இருவரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். தாங்கள் வீட்டுக்குள் இருப்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

“யாருங்க மொதல்ல உள்ள வந்தது?” என்று கேட்டார் சரசக்கா.

“தெரியலீங்களே” என்றார் மடத்துக்குளத்தார். “ஆட்டத்து நெனப்புல இருந்தமுங்க.” பிறகு கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமல், நேராகப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டார். “சம்மந்தி, உங்களுக்குத் தெரியுமுங்களா?”

அத்தனை நாளுக்குப் பிறகு அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டார். மாஸ்டர் தெரியாது என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் என்று நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு வெச்சுக்கலாமுங்களா சம்மந்தி?” என்பதுதான். அடுத்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது. போகட்டும், எங்கள் வேலை முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு மடத்துக்குளம் போனோம். கேட்டுக்கு முன்னால் வேன் நின்றதும் எனக்குப் பழைய பயம் வந்தது. பயப்பட வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து மடத்துக்குளத்தார் வெளியே வந்து மாஸ்டரின் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் வாய்க்குள் “கிரீச்” என்றார். இருவரும் ஒன்றாகச் சாய்ந்து, கேட்டை ஒன்றாகத் தாண்டினார்கள். பூங்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கதவிலும் இதேதான். கதவு சின்னது, நடுவில் சிக்கிக்கொண்டார்கள், நர்ஸ் வந்துதான் பிரித்துவிட்டாள்.

மற்றபடி மாஸ்டர் மாறவில்லை. இன்றைக்கும் பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டு வழியனுப்புகிறார், நாயைச் சுற்றிக்கொண்டு போகிறார், துணி தூங்கி எழும்வரை என்னைக் காக்கவைக்கிறார். அன்றைக்கு யார் முதலில் உள்ளே வந்தது என்று காம்பவுண்டில் இன்னும் பந்தயம் நடக்கிறது. எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியாது என்பது முடிவு.

எனக்குத் தெரியும். டிவியைப் பார்க்கப் பயந்து திரும்பியவன் நான் ஒருவன்தான், அந்த நேரம் என் கண் வாசலில்தான் இருந்தது. மகள் “அம்மா” என்று முனகிய அந்த நொடியில், மடத்துக்குளத்தார் இன்னும் நிலைக்கு வெளியே சாய்ந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கால் உள்ளே வந்தது. பித்தவெடிப்புக் கால், கட்டிங் டேபிள் பஞ்சு ஒட்டிய கால். யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் வழிவிடவில்லை. மடத்துக்குளத்தார் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே சொல்லிவைக்கிறேன், இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். நான் முதல் வரியில் எழுதியது பொய். எங்கள் மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வாசலில் முதல் ஆளாக நுழைந்திருக்கிறார். அது என் வீட்டு வாசல் என்பதால்தான், முதலாளி தருகிறேன் என்ற பெரிய வீட்டுக்குக்கூட நான் இன்னும் குடி மாறாமல் இருக்கிறேன்.